மனச்சோர்வை அளக்கும் சர்வே: முதல் முறை செய்பவர்களுக்கு

சர்வேயில் மனச்சோர்வையும் கேட்கலாம் என்று முடிவானதும் பலரும் தாங்களே கேள்வி எழுத உட்கார்ந்துவிடுவார்கள். வேண்டாம். "சோகமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டால் ஒருவருக்கு அது நேற்றைய சண்டை, இன்னொருவருக்கு ஆறு மாதப் பாரம், இரண்டு பேரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள்.

படி 1: ஏற்கெனவே சோதித்துப் பார்த்த கேள்வித்தாளை எடுங்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது பிஎச்கியூ-9 (PHQ-9) என்ற கேள்வித்தாள். ஒன்பதே கேள்விகள், இலவசம், தமிழ் வடிவமும் உண்டு. 1977இல் வந்த சிஇஎஸ்-டி (CES-D) என்ற இன்னொரு கேள்வித்தாளும் நல்லதுதான், ஆனால் அதன் 20 கேள்விகளில் நான்கு நல்ல மனநிலையைக் கேட்பவை, அவற்றின் மதிப்பெண்ணைத் தலைகீழாக்க மறந்தால் மொத்தக் கணக்கும் போச்சு.

படி 2: பிஎச்கியூ-9 கேள்விகள் எல்லாமே கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை, அதனால் "கடந்த இரண்டு வாரங்களில்" என்பதை விடாதீர்கள். வாசித்துக் காட்டிக் கேட்கிறீர்கள் என்றால் நடுவில் இரண்டு மூன்று முறையாவது மறுபடி சொல்லுங்கள், ஐந்தாவது கேள்விக்குள் அது மறந்துபோயிருக்கும்.

படி 3: கூட்டுங்கள். 'இல்லவே இல்லை' 0, 'சில நாட்கள்' 1, 'பாதிக்கு மேற்பட்ட நாட்கள்' 2, 'கிட்டத்தட்ட தினமும்' 3. ஒருவருடைய தாளில் 2, 1, 3, 2, 0, 1, 2, 0, 0 என்றிருந்தால் மொத்தம் 11. 5 முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் சற்றுக் கடுமையானது, 20 முதல் கடுமையானது. ஆக இவர் மிதமான நிலை. ஒன்றிரண்டு பதில் விடுபட்டால் மற்ற பதில்களின் சராசரியை அங்கே போடலாம், அதற்கு மேல் விடுபட்ட தாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். காலியிடத்தை 0 என்று மட்டும் நிரப்பிவிடாதீர்கள்.

அப்புறம், அந்த 11 நோயின் பெயர் இல்லை. இந்தக் கேள்விகள் களைப்பையும் தூக்கத்தையும்கூடக் கேட்கின்றன, ஆனால் தைராய்டு கோளாறிலும் களைப்பு வரும், துக்க வீட்டிலும் தூக்கம் போகும். அறிக்கையில் "மனச்சோர்வு நோயாளிகள்" என்று எழுதாமல் "10 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெற்றவர்கள்" என்றே எழுதுங்கள்.

இனி சொல்வதை முதல் படியாகவே எழுதியிருக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றியதா என்பது. அதில் 1 என்று குறித்திருந்தாலும் மொத்தத்தைப் பார்க்காமல் அன்றைக்கே அவரோடு யாராவது பேச வேண்டும். யார் பேசுவது, எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்பதெல்லாம் முதல் தாளைக் கொடுக்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பெயர் கேட்காத சர்வே என்றால் அவரைத் தேடிப் பிடிக்க வழியில்லை, அதனால் எல்லாருடைய தாளிலும் கடைசியில் ஓர் உதவி எண்ணை அச்சிடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த எண்ணை நீங்களே ஒருமுறை அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள்.