ஃபிலிம் ஒட்ட "ஒரு மணி நேரம்" என்று சொல்லாதீர்கள்

கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டும் எங்கள் கடையில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். போன வாரம் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, "எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?" என்றார். "ஒரு மணி நேரம்ணா, டீ குடிச்சிட்டு வந்துடுங்க." நான் சேர்ந்த புதிதில் சொன்ன அதே பதில். ஃபிலிம் கோணலாக வெட்டுவது, கை நடுங்குவது எல்லாம் பழகினால் போய்விடும். இந்தப் பதில் அப்படிப் போகாது.

பழைய ஃபிலிமைக் கணக்கில் சேர்க்காதது

ஷோரூமிலிருந்து வந்த செடானுக்கு மூன்று மணி நேரம் போதும். அதில் ஒட்டுவது கொஞ்சம்தான். கழுவித் துடைப்பதிலும், வளைந்த பின்கண்ணாடிக்கு ஹீட் கன் காட்டி ஃபிலிமைச் சுருக்குவதிலும்தான் நேரம் போகும். பழைய ஃபிலிம் இருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். அவசரப்படுகிறவன் அங்கேதான் பிளேடை எடுக்கிறான்.

நானும் எடுத்தேன். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டது. மே மாதம் கடை வாசலில் வரிசை. ஒட்ட வந்தவர்கள் இல்லை, உரிக்க வந்தவர்கள். ஒரு வண்டியின் பின்கண்ணாடியில் ஃபிலிம் வந்துவிட்டது, பசை வரவில்லை. "அரை மணியில் முடிச்சுடறேன்" என்று சொல்லியிருந்தேன். பிளேடை வைத்துக் குறுக்கே சுரண்டினேன். கண்ணாடி பளிச்சென்று ஆனது. காசு வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.

ஆடி மாதம் அந்த ஆள் திரும்பி வந்தார். ஊட்டிக்குப் போயிருக்கிறார். கண்ணாடியைச் சூடாக்கிப் பனியை விலக்கும் டிஃபாகரைப் போட்டால் பின்கண்ணாடி முழுக்கப் பனி மூடியபடியே இருக்க, அடியில் இரண்டு கோடு மட்டும் தெளிந்ததாம். சூடு தரும் அந்தக் கோடுகள் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளி கலந்த பூச்சால் போட்டவை. ஃபிலிமும் அதே பக்கம்தான். ஒரு கோடு அறுந்தால் மின்சாரம் கடத்தும் பெயின்ட் வைத்து ஒட்டவைக்கலாம். நான் ஏழெட்டை அறுத்திருந்தேன். கோயம்புத்தூர் வெயிலில் டிஃபாகரை யார் போட்டுப் பார்க்கிறார்கள்? அதனால் மூன்று மாதம் தெரியாமலே இருந்தது. புதுக் கண்ணாடியின் விலை என் சம்பளத்தில் தவணையாகப் பிடிக்கப்பட்டது. இன்றைக்கும் பின்கண்ணாடி அருகே யாராவது பிளேடோடு நின்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது.

செய்ய வேண்டியது இதுதான்: நீராவியோ சூடோ காட்டி, ஃபிலிமும் பசையும் ஒன்றாக வரும்படி மெதுவாக இழுக்க வேண்டும். மிச்சப் பசையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, கோடு போகும் திசையிலேயே துணியால் துடைக்க வேண்டும். ஊறும் நேரத்தில் வேறு வேலை பாருங்கள்.

ஃபேன்

தூசி பறக்கும், ஒட்டும்போது அணைத்துவிடுங்கள். வேர்க்கட்டும்.

சாவி கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது

ஒட்டும்போது தெளித்த தண்ணீர் ஃபிலிமுக்கு அடியில் இன்னும் காயவில்லை. வெயில் காலத்தில் மூன்று நாள், ஐப்பசி மழையில் ஒரு வாரம் கண்ணாடியை இறக்கக் கூடாது. வாயால் சொன்னால் முதல் சுங்கச்சாவடியிலேயே மறந்துவிடுவார்கள். பவர் விண்டோ சுவிட்ச் மேல் டேப் ஒட்டி அனுப்புகிறேன். மங்கலாகத் தெரிகிறது, சின்னச் சின்ன நீர்க்குமிழி இருக்கிறது என்று மறுநாளே போன் வரும். அது தானாக வற்றும், ஊசியால் குத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த போனும் வராது.

ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியைத் துடைக்க அமோனியா கலந்த கிளீனர்

வேண்டாம்.

சதவீதத்தை ஃபிலிம் அட்டையில் மட்டும் பார்ப்பது

முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதம், பக்கத்தில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது விதி. 2021-ல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, இந்த விதிக்குள் அடங்கும் ஃபிலிமை ஒட்டலாம் என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. சரி, "70" என்று போட்ட ஃபிலிமை ஒட்டினால் 70 வருமா? கண்ணாடியே 75 சதவீதம்தான் விடுகிறது என்றால் இரண்டும் சேர்ந்து 52 சொச்சம். பக்கத்துக்கு மயிரிழையில் தப்பும், முன்கண்ணாடிக்குத் தப்பாது. மீட்டர் வைத்து அளக்க இரண்டு நிமிஷம். அபராத ரசீதோடு வந்தவருக்கு மறுபடி உரித்துக்கொடுக்க எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது.