மலேசிய பாஸ்போர்ட்டோடு காரைக்குடியில் குடியிருக்க: ஓசிஐ அட்டை வாங்கிய வழி

இந்தியாவில் ஓய்வுபெற்ற வெளிநாட்டினருக்கென்று தனி விசா கிடையாது. தாய்லாந்தில் 50 வயது ஆனவர்களுக்கு ஒரு விசா உண்டு. மலேசியாவில் ‘இரண்டாவது இல்லம்’ திட்டம் உண்டு. அவற்றைப் போல இங்கும் ஒன்று இருக்கும் என்று நம்பி, இந்திய விசாக்களின் பட்டியலை ஒரு மாதம் புரட்டிக்கொண்டிருந்தேன். நான் பினாங்கில் பிறந்து, அங்கேயே கணக்கராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். அப்பச்சி (தந்தை) விட்டுச்சென்ற பங்கு வீடு காரைக்குடியில் பாதி பூட்டிக் கிடந்ததால் ஊர் திரும்ப முடிவு செய்தேன். கொண்டுவிக்கப் போனவர்களின் (தொழிலுக்காகக் கடல் கடந்த செட்டிநாட்டு நகரத்தாரின்) பிள்ளைகள் பலர் இதே எண்ணத்தில் இருப்பதால், நான் தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்து முறையை எழுதுகிறேன். மலேசியாவில் நாம் கடப்பிதழ் என்பதைக் காரைக்குடியில் பாஸ்போர்ட் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் படி: வழியைத் தேர்ந்துகொள்ளுதல்

சுற்றுலா மின்விசாவில் 30 நாள், 1 ஆண்டு, 5 ஆண்டு என மூன்று வகை உண்டு. 5 ஆண்டு என்பது விசா செல்லுபடியாகும் காலமே தவிர, தங்கும் காலம் அன்று. திருமணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாட்டுக்கும்) வந்து போக இது போதும், குடியிருக்கப் போதாது. இந்திய வம்சாவளியினருக்கு 5 ஆண்டு வரை தரப்படும் நுழைவு விசா அடுத்தது. அதைப் பின்னர் சொல்கிறேன். தகுதி இருப்பவர்கள் நேராக ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டைக்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. அது வாழ்நாள் முழுவதற்கும் பலமுறை வந்துபோகும் விசா. எத்தனை ஆண்டு தங்கினாலும் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. பெயரில் குடியுரிமை என்ற சொல் இருந்தாலும் அது குடியுரிமை அன்று. வாக்களிக்க முடியாது, உங்கள் மலேசிய பாஸ்போர்ட்டும் உங்களிடமே இருக்கும்.

சுற்றுலா விசாவில் வந்து, காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டே விண்ணப்பித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், முடியாது. இந்தியாவுக்குள் விண்ணப்பிக்கச் சுற்றுலா அல்லாத விசாவில் வந்து, ஆறு மாதம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். ஆகவே ஆவணங்களை ஊரில் சேகரித்து, விண்ணப்பத்தை உங்கள் நாட்டில் கொடுப்பதே சரியான வரிசை. வெளிநாட்டில் கட்டணம் 275 அமெரிக்க டாலருக்கு இணையான தொகை. இந்தியாவில் 15,000 ரூபாய்.

இரண்டாம் படி: யார் வழியாக உரிமை கோருவது

1950 ஜனவரி 26 அன்றோ அதன் பின்னரோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது அந்த நாளில் குடிமகனாகும் தகுதி பெற்றிருந்தவர், அவருடைய பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை ஆகியோர் விண்ணப்பிக்கலாம். கொள்ளுப்பேரர் வரை நீட்டியது 2015-ஆம் ஆண்டுத் திருத்தம். எத்தனை தலைமுறை மேலே போகிறீர்களோ அத்தனை இணைப்பு ஆவணம் வேண்டும் என்பதால், உறுதியான சான்று கிடைக்கும் மிக நெருங்கிய மூத்தவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எனக்கு அப்பச்சியே போதும் என்று தோன்றியது. 1929-இல் தேவகோட்டையில் பிறந்தவர் அவர். எளிதாக முடியும் என்று நினைத்தேன்.

மூன்றாம் படி: ஊரில் ஆவணம் தேடுதல்

பழைய பிறப்புப் பதிவின் நகலை வாங்கிப் பார்த்தபோது குழந்தையின் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்தக் காலப் பதிவுகளில் ‘ஆண்’ என்றும் தகப்பனார் பெயரும் மட்டுமே இருப்பது சாதாரணம். இடையூறு அதுவன்று. அப்பச்சி 1946-இல், பதினேழு வயதில், காரைக்குடி வீட்டுக்குச் சுவீகாரம் (தத்து) வந்தவர். பிறப்புப் பதிவில் பெற்ற ஐயாவின் (தாத்தாவின்) பெயர் இருந்தது. பினாங்கில் எடுத்த அத்தனை ஆவணத்திலும் சுவீகாரம் எடுத்த ஐயாவின் பெயர் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்து நான் அனுப்பிய முதல் விண்ணப்பம், தகப்பனாரின் தந்தை பெயர் பொருந்தவில்லை என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. நம்மில் சுவீகாரம் இல்லாத குடும்பம் குறைவு என்பதால், விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன் யார் யார் சுவீகாரம் வந்தார்கள் என்று ஆச்சிமார்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மறுபடி வரும். எந்தப் பெயர் யாருடையது என்பதைப் பிறந்த ஆண்டோடு குறித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு விடை சுவீகாரப் பத்திரம். அதைப் பதிவு செய்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். அந்த ஒரு பத்திரத்திலேயே பெற்றவர், எடுத்துக்கொண்டவர், பிள்ளை ஆகிய மூவர் பெயரும் இருக்கும். நான் தடுமாறிய இடம் இதுதான். வீடு, நிலம் பற்றிய பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் பதிவாகும். அவற்றின் நகலை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சுவீகாரப் பத்திரம் 4-ஆம் புத்தகத்தைச் சேர்ந்தது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி, அந்தப் புத்தகத்தின் நகலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தவர், அதன் வழியே உரிமை கோருபவர், அவர்களுடைய பிரதிநிதி ஆகியோருக்கே தரலாம். “நீங்கள் அவருக்கு யார் என்று காட்டுங்கள் ஐயா, தருகிறோம்” என்று எழுத்தர் சொன்னபோது என் கையில் என் பாஸ்போர்ட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. என் பிறப்புச் சான்றிதழையும் அப்பச்சியின் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போனேன். நீங்கள் முதல் முறையே கொண்டு போங்கள்.

ஆண்டும் பத்திர எண்ணும் தெரியாவிட்டால் ஆண்டுவாரியாகத் தேடவேண்டிவரும். அதற்குத் தனிக் கட்டணமும் நிறையப் பொறுமையும் வேண்டும். எங்கள் வீட்டில் ஆண்டைக் காட்டிக்கொடுத்தது பேரேடு. ‘சுவீகாரப் பத்திரம் ரிஜிஸ்தர் செலவு’ என்று தேதியோடு ஒரு வரி ஐயா காலத்துக் கணக்கில் இருந்தது. இரண்டாங்கட்டு அறையில் கிடக்கும் பழைய கணக்குகளைப் பழைய தாள் கடைக்குப் போடுவதற்கு முன் ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

இசைகுடிமானமும் (திருமண ஒப்பந்த ஏடு) கோயில் புள்ளிக் கணக்கும் (குலக்கோயிலில் குடும்பங்களைப் பதியும் கணக்கு) நமக்குப் பெரிய சான்றுகள். ஆனால் என் அனுபவத்தில் அவற்றை முதன்மை ஆவணமாக ஏற்கவில்லை. துணைக்கு வைத்தேன். பெயருக்கு முன்னால் வரும் விலாச எழுத்துகள் ஊர்ப் பத்திரத்தில் நான்கும் மலாயா ஆவணத்தில் ஒன்றுமாக இருந்தால், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்குங்கள். செட்டி, செட்டியார் என்ற வேறுபாட்டையும் அதிலேயே குறிப்பிட்டுவிடலாம். சிவகங்கை மாவட்டம் 1985-இல்தான் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது; பழைய தாளில் மாவட்டம் வேறாக இருப்பதை முகப்புக் கடிதத்தில் ஒரு வரியில் விளக்கினால் கேள்வி வராது.

நான்காம் படி: படிவம்

கைபேசியில் நிரப்பாதீர்கள், கணினியில் உட்காருங்கள். ஆவணங்களைக் கைபேசியால் படம் எடுத்தால் பழைய முத்திரைகள் மங்கிவிடும். கணினி மையங்களில் இருக்கும் தட்டை ஸ்கேனரே மேல். புகைப்படம் சதுரமாக இருக்க வேண்டும். கையொப்பப் படத்தின் அகலம் உயரத்தைப் போல மூன்று மடங்கு. மலேசிய பாஸ்போர்ட்டில் பெயரோடு வரும் ‘ஏ/எல்’ (மகன் என்பதன் மலாய்ச் சுருக்கம்) எல்லோரையும் குழப்புகிறது. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக அச்சிட்ட இரண்டு வரிகளில் பெயர் எப்படி உள்ளதோ அப்படியே எழுதினேன், மறுபடி கேட்கவில்லை. முகவரிடம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் விண்ணப்பத்தை நிரப்பிய முகவர் சுவீகாரத்தைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. நம் குடும்பம் நமக்குத்தான் தெரியும்.

மனைவிக்கு

கணவரின் ஓசிஐ அடிப்படையில் மனைவியும் விண்ணப்பிக்கலாம். திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டாவது தொடர்ந்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சரிபார்ப்பு ஒப்புதலும் தேவை. ஆனால் மண உறவு முறிந்தால் அந்த அட்டையும் போய்விடும். என் மனைவியின் ஆயா (பாட்டி) புதுக்கோட்டைப் பக்கத்தில் பிறந்தவர் என்பதால், அவரைச் சொந்த வம்சாவளி வழியாகவே விண்ணப்பிக்கச் செய்தேன். இரண்டு வழியும் திறந்திருந்தால் சொந்த வழியே உறுதியானது.

ஓசிஐ கிடைக்கும் வரை நுழைவு விசாவில் தங்குபவர்களுக்கு

விசாவில் அச்சிட்டிருக்கும் சிறிய வரியைப் படியுங்கள். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில், வந்த 14 நாளுக்குள் பதிய வேண்டும் என்று இருந்தால் அதை இணையவழியில் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் 180 நாளைத் தாண்டக் கூடாது என்று மட்டும் இருந்தால், அதற்குள் திரும்புகிறவருக்குப் பதிவு தேவைப்படாது. வெளிநாட்டினரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும் என்பது தனிக் கடமை. விடுதிகளில் சி படிவம் என்று சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், பழைய படிவப் பெயர்களை வைத்து யாராவது வழி சொன்னால் இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் ஒரு சங்கடம் உண்டு. முகவரிச் சான்றுக்கு மின்கட்டண ரசீது கேட்பார்கள். அது பெரும்பாலும் காலமான ஐயாவின் பெயரில் இருக்கும், வீட்டுக்கோ பதினைந்து பங்காளிகள் இருப்பார்கள். வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்) ஓர் அறையில் நிரந்தரமாக வசிக்கும் பங்காளி அண்ணன் தம் ஆதாருடன் வீட்டுக்காரராகத் தகவல் தந்து, நான் அவரோடு தங்குவதாகக் கடிதமும் கொடுத்தார், அதை ஏற்றுக்கொண்டார்கள். மின் இணைப்பின் பெயரை மாற்றுவதற்குள் மற்றப் பங்காளிகளின் ஒப்புதல் வாங்கிய கதை வேறு.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஓர் அன்பர், அப்பச்சியும் ஐயாவும் ரங்கூனில் பிறந்தவர்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பர்மா 1937 ஏப்ரல் 1 அன்று இந்தியாவிலிருந்து பிரிந்துவிட்டதால், அந்தப் பிறப்புகளைச் சான்றாகக் கொண்டு வாதாடுவதைக் காட்டிலும், கானாடுகாத்தானில் பிறந்த கொள்ளுப்பாட்டனார் வரை ஏறிவிடுவது மேல். பிறப்புப் பதிவு கிடைக்காவிட்டால், பதிவு இல்லை என்ற சான்றையும், அவர் பெயரும் தகப்பனார் பெயரும் உள்ள நிலப் பத்திரத்தின் நகலையும் சேர்த்து வைக்கலாம். அது 1-ஆம் புத்தகம், தயங்காமல் கேளுங்கள்.

அட்டை வந்த பிறகு

வீடு வாங்கலாம், விவசாய நிலமும் தோட்டமும் வாங்க முடியாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். முந்தைய 12 மாதத்தில் 182 நாள் இங்கே இருந்திருந்தால் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். நிதியாண்டில் 182 நாள் தங்கினால் வருமான வரிச் சட்டத்தின்படி இங்கு வசிப்பவராகிவிடுவீர்கள். மலேசிய ஓய்வூதியம் வருபவர்கள் முதல் ஆண்டே ஓர் ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது. 50 வயதுக்கு முன்பே அட்டை வாங்கியிருப்பவர்கள், 50 நிறைந்த பின் புதிய பாஸ்போர்ட் எடுத்ததும் மூன்று மாதத்துக்குள் அதன் நகலையும் புதிய படத்தையும் ஒரு முறை இணையத்தில் ஏற்ற வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.