சோக் மாற்றியும் டியூப் லைட் எரியவில்லையா?

புது சோக் மாட்டியாச்சு. சுவிட்சைப் போட்டால் டியூப் லைட் மினுக்கிக்கொண்டே இருக்கிறது, இல்லையென்றால் அசையவே இல்லை. உடனே சோக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதீர்கள். ஒயர், ஸ்டார்ட்டர், ஹோல்டர் மூன்றையும் பார்த்துவிட்டு, கடைசியாக அதைச் சந்தேகப்படலாம். இங்கே சொல்வதெல்லாம் ஸ்டார்ட்டர் வைத்த பழைய நாலடி பட்டிக்கு, அதாவது டியூபைத் தாங்கும் சட்டத்துக்கு. எலக்ட்ரானிக் சோக் என்றால் ஸ்டார்ட்டரே கிடையாது, அதன் மேல் ஒட்டியிருக்கும் படத்தின்படிதான் ஒயர் கொடுக்க வேண்டும்.

முதலில் கரண்டை நிறுத்துங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, மெயின் போர்டில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்சான எம்.சி.பி.யை இறக்குங்கள். சென்னையில் பல வீடுகளில் லைட் லைன் இன்வெர்ட்டரில் இருக்கும். மெயினை அணைத்ததும் பவர் கட் என்று நினைத்து, அது அதே ஒயரில் கரண்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். அதையும் அணையுங்கள். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று கரண்ட் உள்ள ஒரு பிளக்கில் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டு, பட்டியிலும் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

அடுத்து ஒயர். சுவிட்சிலிருந்து வரும் பேஸ் (கரண்ட் வரும் ஒயர்), சோக்கின் ஒரு முனைக்குப் போக வேண்டும். மறுமுனையிலிருந்து ஒரு பக்க ஹோல்டரின் ஒரு பின்னுக்கு. அதே ஹோல்டரின் இன்னொரு பின்னிலிருந்து ஸ்டார்ட்டர் வழியாக எதிர்ப்பக்க ஹோல்டருக்கு. அங்கே மிச்சமிருக்கும் பின்னில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்). சோக்கின் இரண்டு முனைகளில் எது எந்தப் பக்கம் என்பது பிரச்சினை இல்லை, ஆனால் கரண்ட் அதைத் தாண்டித்தான் டியூபுக்குப் போக வேண்டும். கரண்டின் அளவைக் கட்டுப்படுத்துவதே சோக்தான். அதை விட்டுவிட்டு பேஸை நேரே ஹோல்டருக்குக் கொடுத்தால், முனைகள் பளிச்சென்று மின்னி டியூப் போய்விடும். அப்படி ஒன்று போயிருந்தால் அடுத்த டியூபை மாட்டாதீர்கள், ஒயரைப் பாருங்கள். சோக்கில் போட்டிருக்கும் வாட்டையும் பாருங்கள். நாலடி டியூபுக்கு 36 அல்லது 40 வாட், இரண்டடிக்கு உரியது ஆகாது.

ஒயர் சரியா? இனி டியூபே சொல்லிவிடும். இரண்டு முனையும் சிவந்து, நடுவில் வெளிச்சம் இல்லையா? ஸ்டார்ட்டர் உள்ளே ஒட்டிக்கொண்டது, மாற்றுங்கள். மினுக்கினாலும் முதலில் மாற்ற வேண்டியது ஸ்டார்ட்டர்தான், விலையும் குறைவு. முனைகள் கறுத்திருந்தால் டியூபுக்கு வயதாகிவிட்டது. மே மாத இரவில் தெருவில் எல்லா ஏசியும் ஓடும்போது மட்டும் மினுக்கினால் லோ வோல்டேஜ்.

அசைவே இல்லை என்றால், கரண்டை நிறுத்திவிட்டு டியூபைத் திருகி மறுபடி உட்கார வையுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்றில் ஹோல்டரின் பித்தளை பச்சை பூத்துவிடும், உப்புத்தாளால் தேயுங்கள். அப்புறம் டியூபைக் கழற்றி, ஒரு முனையில் உள்ள இரண்டு பின்களுக்கு இடையே மல்டிமீட்டரை வையுங்கள். சில ஓம் காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் இழை அறுந்துவிட்டது. மறுமுனையையும் அப்படியே பாருங்கள். இரண்டும் நன்றாக இருந்தால்தான் சோக்கின் இரு முனைகளிலும் மீட்டரை வைக்க வேண்டும். அங்கேயும் ஒன்றும் காட்டவில்லையென்றால், சரி, கடைக்குப் போகலாம்.

எரிகிறது, ஆனால் ‘ம்ம்ம்’ என்று இரைகிறதா? சோக்கைப் பட்டியோடு பிடித்திருக்கும் திருகை இறுக்குங்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் ராத்திரி முழுக்க டியூப் லேசாக மினுங்கினால் மட்டும் வேறு கதை. சுவிட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்க வாய்ப்பு அதிகம். அதாவது அணைத்திருந்தாலும் பட்டிக்குள் பேஸ் இருக்கிறது. அதில் நீங்கள் கை வைக்காதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சுவிட்ச் போர்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.