மியூசிக்கல் என்றாலே ஓடுபவரை உட்கார வைப்பது எப்படி?

"பேசிட்டு இருந்தவங்க எதுக்குத் திடீர்னு பாடறாங்க?" பிராட்வே மியூசிக்கலை, அதாவது பாட்டாலேயே கதை நகரும் நியூயார்க் மேடை நாடகத்தையோ அதன் படத்தையோ, போட்டுக்காட்டினால் முதலில் வரும் கேள்வி இதுதான். பாட்டு வந்ததும் தம்மடிக்க வெளியே போய்ப் பழகிய ஊரில் இப்படிக் கேட்பது வேடிக்கைதான். நம் சினிமாவில் பல பாட்டுகளை ஓட்டிவிட்டாலும் கதை புரியும். நல்ல மியூசிக்கலில் ஒரு பாட்டை ஓட்டினால், அடுத்த காட்சியில் ஆள் ஏன் மாறிவிட்டார் என்று விழிக்க வேண்டியிருக்கும். இதை விளக்கிப் பயனில்லை, காட்டத்தான் வேண்டும்.

படி 1: எது உறுத்துகிறது என்று கேளுங்கள்

திடீர்ப் பாட்டுதான் தொல்லை என்றால் 1972-இல் வந்த 'கேபரே' படம். பாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே பெர்லின் இரவு விடுதியின் மேடையில் நடக்கும். "ஒரே இனிப்பா இருக்கு" என்பவருக்கு, சவரக்கத்தியால் பழிதீர்க்கும் 'ஸ்வீனி டாட்'. மற்ற எல்லாருக்கும் 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்'. 1964-இல் பிராட்வேக்கு வந்தது, 1971-இல் படமானது. ரஷ்யப் பேரரசில் ஒரு யூத கிராமம், டெவ்யே என்ற பால்காரர், அவருடைய ஐந்து மகள்கள், கல்யாணத் தரகர். நம் ஆட்களுக்கு அறிமுகமே தேவைப்படாத வீடு.

படி 2: முதலில் ஒரே ஒரு காட்சி

முழுப் படத்தையும் எடுத்த எடுப்பில் போடாதீர்கள். 'ஃபிட்லர்' படத்தின் 'டூ யூ லவ் மீ?' பாட்டு மட்டும். மூன்று நிமிடம்தான். முன்கதையை இரண்டே வரியில் சொல்லுங்கள்: இரண்டாவது மகளின் காதலுக்குச் சம்மதித்துவிட்டு வருகிறார் டெவ்யே. கல்யாணத்தன்றுதான் மனைவியை முதன்முதலில் பார்த்தவர், இப்போது அவளிடம் "என்மேல் உனக்குக் காதல் உண்டா?" என்று கேட்கிறார்.

மனைவி கோல்டே முதலில் அஜீரணமோ என்று சந்தேகப்பட்டு, போய்ப் படுக்கச் சொல்கிறாள். பிறகு துவைத்தது, சமைத்தது, பிள்ளை பெற்றது, மாட்டில் பால் கறந்தது என்று இருபத்தைந்து வருடக் கணக்கை அடுக்குகிறாள். அந்தக் கணக்கிலிருந்தே பதில் மெதுவாக வந்து சேர்கிறது.

முடிந்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதே கேள்வியைச் சும்மா பேச்சில் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "வேற வேலை இல்லையா?" என்பதோடு முடிந்திருக்கும்.

படி 3: முழுப் படம், இரண்டு தவணையில்

மொத்தம் மூன்று மணி நேரம். கல்யாணக் காட்சி கலவரத்தில் முடியும் இடத்தில் படத்திலேயே இடைவேளை உண்டு. அங்கே நிறுத்தி மீதியை மறுநாள் பாருங்கள். சப்டைட்டில் கட்டாயம். லேப்டாப் ஸ்பீக்கரில் வாத்தியங்கள் வார்த்தைகளை விழுங்கிவிடும், ஹெட்போனாவது வேண்டும்.

மூன்றாவது பாட்டில் டெவ்யே பணக்காரக் கனவு காண்கிறார். ஒரு பாத்திரத்தின் ஆசையைச் சொல்லும் இந்த வகையை 'ஐ வான்ட் சாங்' என்பார்கள். கடைசியில் அவர் கேட்பது மாளிகை அல்ல, ஜெபாலயத்தில் உட்கார்ந்து பிரார்த்திக்க நேரம். நிறையப் பேர் கவனிக்காமல் விடும் இடம் இது.

எங்கே சொதப்பும்?

'ஹாமில்டன்' அருமையானது, ஆனால் முதல் நாளுக்கு வேண்டாம். ராப் வேகமும் அமெரிக்க வரலாறும் சேர்ந்து ஆளை விரட்டிவிடும். 'லே மிசெராப்' கிட்டத்தட்ட முழுக்கப் பாட்டாகவே நகர்வதால், பழகாதவருக்கு மூச்சு முட்டும். 'கேட்ஸ்' பக்கமே போகாதீர்கள், பிடித்துக்கொள்ளக் கதை போதாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீங்களும் கூடவே பாடுவது. மூன்றாவது மகள் சாவாவை டெவ்யே ஏற்க மறுக்கும் இடத்திலாவது வாயைத் திறக்காதீர்கள்.