நாடாவும் நூலும் கொண்டு நடுக்குடல் சுழற்சியைக் கற்கும் முறை

சென்னையில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கும் பலரும் கருவியலில் மனப்பாடத்தையே நம்பும் பகுதி, நடுக்குடல் சுழற்சி, அதாவது கருவில் குடலின் நடுப்பகுதி தன் தமனியைச் சுற்றித் திரும்பி அமைவது. 270 பாகை, இடஞ்சுழி (முன்னிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை) என்று ஒப்பித்துவிடலாம். ஆனால் டியோடினம் (சிறுகுடலின் முதல் பகுதி) ஏன் அந்தத் தமனிக்குப் பின்னால் போகிறது என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் பதில் வராது. கையால் ஒரு முறை சுழற்றிப் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தையல் சாமான் கடையில் ஒரு முழம் வெள்ளை நாடாவும் சிவப்பு நூலும் வாங்கிக்கொள்ளுங்கள். நாடாவின் ஒரு பாதிக்கு நீல மை பூசி, மறுபாதியில் நடுவை ஒட்டி ஒரு முடிச்சுப் போடுங்கள். இந்த நாடாதான் நடுக்குடல் வளையம். நீலம் அதன் தலைப்பக்கக் கிளை, வெள்ளை வால்பக்கக் கிளை, முடிச்சு சீக்கம் (பெருங்குடலின் தொடக்கப் பகுதி).

முதலில், கரு மேசையில் மல்லாந்து கிடப்பதாகவும் அதன் தலை உங்களுக்கு எதிர்ப்புறம் இருப்பதாகவும் கொள்ளுங்கள். கருவின் வலப்பக்கம் உங்கள் இடப்பக்கம் என்பதை இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பெரும்பாலான பிழைகள் இங்குதான் தொடங்குகின்றன. நீல முனையை மேலேயும் வெள்ளை முனையை அதற்குச் சற்றுக் கீழேயும் மேசையில் ஒட்டுங்கள். இரண்டுக்கும் நடுவே நூலை ஒட்டி, அதன் மறுமுனையை நாடாவின் நடுவில் கட்டுங்கள். இந்த நூல்தான் சுழற்சிக்கு அச்சான, நடுக்குடலுக்கு இரத்தம் தரும் சுப்பீரியர் மெசென்ட்ரிக் தமனி.

இனி வளையத்தை மேசையிலிருந்து மேல்நோக்கித் தூக்குங்கள். ஏறத்தாழ 6ஆம் வாரத்தில், கல்லீரல் வேகமாக வளர்ந்து வயிற்றறையில் இடம் போதாமல், குடல் தொப்புள்கொடிக்குள் செல்வதை இது காட்டுகிறது. அந்நிலையிலேயே இடஞ்சுழியாக 90 பாகை திருப்பினால், நீலம் கருவின் வலப்பக்கம் வரும்.

10ஆம் வாரத்தில் குடல் உள்ளே திரும்புகிறது. மேலும் 180 பாகை அதே திசையில் திருப்பியபடி, நீலக் கிளையை முதலில் நூலுக்கு அடியில் இடப்பக்கமாகச் செலுத்துங்கள். வெள்ளைக் கிளை நூலின் மேலாக வலப்பக்கம் வந்து விழும். நீலக் கிளையிலுள்ள டியோடினம் தமனிக்குப் பின்னாலும் வெள்ளைக் கிளையிலுள்ள குறுக்குப் பெருங்குடல் முன்னாலும் இருப்பதைக் கண்ணெதிரே காணலாம். கடைசியாகத் திரும்பும் சீக்கம் கல்லீரலுக்குக் கீழே தங்கி, பின்னர் வலது இடுப்புக் குழிக்கு இறங்குகிறது.

நோய்களுக்குத் தனி மனப்பாடம் தேவையில்லை. சுழற்சியை இடையில் நிறுத்திப் பாருங்கள். 90 பாகையோடு நின்றால் சிறுகுடல் வலத்திலும் பெருங்குடல் இடத்திலும் அமையும். குடல் வயிற்றுக்குள் திரும்பாமல் உறையோடு வெளியே தங்கினால் ஆம்ஃபலோசீல். தொப்புளுக்குப் பெரும்பாலும் வலப்புறத்தில், உறையின்றிக் குடல் பிதுங்குவது கேஸ்ட்ரோஸ்கைசிஸ். அது வயிற்றுச் சுவரின் குறை என்பதால் இந்த நாடாவில் காட்ட முடியாது.

மிக ஆபத்தானது, சுழற்சி அரைகுறையாக நின்று சீக்கம் மேல்வயிற்றிலேயே தங்குவது. அப்போது சீக்கத்தை வயிற்றுச் சுவரோடு இணைக்கும் லேட் (Ladd) பட்டைகள் டியோடினத்தைக் குறுக்கே அழுத்தும். குடலை வயிற்றின் பின்சுவரோடு இணைக்கும் சவ்வான குடல்தாங்கியின் அடி குறுகுவதால் நடுக்குடல் முழுவதும் தமனியைச் சுற்றி வலஞ்சுழியாக முறுக்கிக்கொள்ளவும் கூடும். நாடாவை அவ்வாறு முறுக்கி, நூல் இறுகுவதைப் பாருங்கள். உண்மையில் அங்கே நிற்பது இரத்த ஓட்டம். பச்சிளங்குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது இந்த முறுக்கே என்று கருதி, குழந்தை அறுவை மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். லேட் அறுவையில் முறுக்கை இடஞ்சுழியாக அவிழ்த்து, பட்டைகளை வெட்டி, குடல்தாங்கியை விரிக்கிறார்கள். பிறகு குடலை இயல்பான இடத்தில் வைப்பதில்லை. சிறுகுடலை வலத்திலும் பெருங்குடலை இடத்திலும், அதாவது 90 பாகையில் நின்ற அமைப்பிலேயே விடுகிறார்கள், ஏனெனில் அவ்வமைப்பில் குடல்தாங்கியின் அடி அகன்றிருப்பதால் மீண்டும் முறுக்கிக்கொள்ளும் வாய்ப்புக் குறைவு.