ஒப்பந்தமின்றி ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகலாமா? பிரிட்டனை வைத்து ஒரு கணக்கு

முதலில் கெடுவைக் குறியுங்கள். ஒன்றிய உடன்படிக்கையில் விலகலுக்கான 50ஆவது பிரிவின்படி, விலகும் அறிவிப்புக் கொடுத்ததிலிருந்து 2 ஆண்டு. பிரிட்டன் கொடுத்தது 2017 மார்ச் 29. நீட்டிக்க மற்ற உறுப்பு நாடுகள் அனைத்தும் சம்மதிக்க வேண்டும்.

அடுத்து, ஒப்பந்தம் இல்லாத நாடுகளின் சரக்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் பொது வரியைப் பொருள்வாரியாகப் போடுங்கள். காருக்கு 10 சதவீதம். ஆட்டிறைச்சிக்கு 12.8 சதவீதத்தோடு எடைக்கும் தனி வரி; வேல்ஸ் ஆட்டுப் பண்ணைகளுக்கு இது பேரிடியாக இருந்திருக்கும்.

பலர் வரியோடு நிறுத்திவிடுவார்கள். அங்கேதான் கணக்கு பிசகும். லாரியை நிறுத்துவது காகிதம்: சுங்க அறிவிப்பு, இறைச்சிக்குக் கால்நடை மருத்துவர் சான்று. சரக்கை அடுக்கும் மரத் தட்டான பேலட்டைக்கூட 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கி முத்திரையிட்டிருக்க வேண்டும். பலருடைய சரக்கு ஒரே லாரியில் போனால், ஒருவர் தாள் தவறினாலும் மொத்த வண்டியும் காத்துக் கிடக்கும்.

பிரிட்டனின் வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்துக்கும் இடையிலான தரை எல்லையைத் தனித்தாளில் எழுதுங்கள். அதற்கு வரிக் கணக்கு உதவாது.