சென்னையில் சைனீஸ் சாப்பிட ஆசையா? மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள்

டொரண்டோவில் பதினேழு வருஷமாக இருக்கிறேன். அங்கே ஸ்கார்பரோவிலும் பக்கத்து மார்க்கம் நகரிலும் சீனச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. அங்கே பழகிய நாக்கோடு சென்னையில் இறங்கி, "இங்கே நல்ல சைனீஸ் எங்கே கிடைக்கும்?" என்று சொந்தக்காரர்கள் காதில் விழும்படி கேட்டதுதான் இந்தத் தடவை நான் செய்த தப்பு.

எந்தச் சைனீஸ் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். சீனர்கள் சாப்பிடுவது மாதிரி வேண்டுமென்றால் நட்சத்திர ஹோட்டல்தான். நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டலில் இருக்கும் கோல்டன் டிராகன் பழைய பெயர். அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டல்களில் சாப்பாட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, வெளியே சாதாரண ரெஸ்டாரண்டில் 5. சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம். வெளிநாட்டிலிருந்து வந்தவன் இதைக் கேட்டால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

மற்ற இடங்களில் கிடைப்பது நம்ம சைனீஸ். கொல்கத்தா டாங்ராவில் தோல் பதனிட்டுக்கொண்டிருந்த ஹக்கா சீனர்கள் தொடங்கி வைத்த சமையல் அது. மஞ்சூரியனை 1975-ல் பம்பாயில் நெல்சன் வாங் உருவாக்கினார் என்பார்கள். மஞ்சூரியாவில் போய்க் கேட்டால் முழிப்பார்கள். செஷ்வான் என்று எழுதியிருந்தால் நாக்கை மரக்க வைக்கும் சிச்சுவான் மிளகை எதிர்பார்க்காதீர்கள், காய்ந்த மிளகாயும் பூண்டும்தான். இதில் வேடிக்கை, அந்தக் கொல்கத்தா ஹக்காக்கள் பலர் டொரண்டோவுக்கே வந்து கடை போட்டிருக்கிறார்கள். ஊர் ஞாபகம் வந்தால் நான் ஸ்கார்பரோவில் அவர்களிடம் போய்த்தான் சில்லி சிக்கன் சாப்பிடுகிறேன். ஊருக்கு வந்தால் டிம் சம் என்ற சீனக் கொழுக்கட்டையைத் தேடுகிறேன். என்ன பிறவியோ.

ராயபுரம், பாரிமுனைப் பக்கம் போனால் அத்தோவை விட்டுவிடாதீர்கள். 1960-களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய நம்மவர்கள் கொண்டுவந்தது. பர்மா பஜாருக்குப் பின்புறத் தெருக்களில் சாயங்காலம் வண்டி போட்டிருப்பார்கள். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். கோபி மஞ்சூரியன் குங்குமம் மாதிரி சிவந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லும் நான், அத்தோவின் நிறத்துக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வேன்.

சரி, மாமா விஷயம்.

"மாப்ளே, நீதான் அங்க தெனமும் சைனீஸ் சாப்பிடுறவனாச்சே. எங்களையும் ஒரு நல்ல எடத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். எங்களை என்றால் மாமாவும் அத்தையும் என்று நினைத்தேன். பதினேழு பேர். நாள் பார்த்ததும் மாமாதான். அது புரட்டாசிச் சனிக்கிழமை என்பது யாருக்கும் உறைக்கவில்லை, டேபிளில் உட்காரும் வரை. ஏழரைக்கு புக் செய்திருந்த இடத்துக்கு எல்லோரும் வந்து சேர ஒன்பது. மூன்று மூலைகளில் மூன்று டேபிள் கொடுத்தார்கள். "முட்டை வதக்குன சட்டியிலயே எனக்கும் பண்ணுவாங்களா?" என்று அத்தை கேட்க, சர்வர் உள்ளே போய்விட்டு வந்து "தனி சட்டிதாங்க" என்றார். அத்தை நம்பவில்லை. ஐஸ்கிரீமோடு நிறுத்திக்கொண்டார். வெஜிடபிள் டிஷ்ஷில் சிப்பியிலிருந்து எடுக்கும் ஆய்ஸ்டர் சாஸ் சேர்ப்பார்களா என்று நான் வேறு வாயைக் கொடுத்தேன். அதை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம். அது என்ன என்று விளக்கியதில் இன்னும் நாலு பேர் தட்டைத் தள்ளி வைத்தார்கள்.

பில் 14,860. கார்டைக் கொடுத்தேன், போகவில்லை. இன்னொரு முறை, போகவில்லை. என் பேங்க் சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டு, நீங்கள்தானா என்று கனடா நம்பருக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறது. அந்த சிம் வீட்டில் பெட்டிக்குள். "ஜிபே இருக்கா சார்?" என்று கேட்டார்கள். இல்லை. பதினேழு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாமா போனை எடுத்து ஸ்கேன் செய்தார். பென்ஷன் பணம்.

ஆகவே, ஊர் நம்பரை மெசேஜ் வருகிற மாதிரியாவது உயிரோடு வைத்திருங்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் கனடா, சிங்கப்பூர், பிரிட்டன் மாதிரி சில நாட்டு நம்பர்களிலேயே யுபிஐ போடலாம், கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். ரொக்கம் எப்போதும் பையில் இருக்கட்டும். போன தடவை மிஞ்சிய 2,000 ரூபாய் நோட்டை நம்பாதீர்கள், அதை 2023-லேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

வெளியே ஆட்டோவுக்கு நிற்கும்போது மாமா சொன்னார்: "மவுண்ட் ரோட்டுல ஒங்கப்பாதான் எனக்கு மொத மொத சூப் வாங்கிக் குடுத்தாரு. ஒன் பை டூ. அவருக்கு அப்ப சம்பளம் வந்திருக்கல." 2021 மே மாதம் அப்பா போனபோது, வந்தால் திரும்ப விமானம் கிடைக்காது என்று நான் வரவில்லை. காரியமெல்லாம் ஓடியாடிச் செய்தது மாமாதான். அந்தச் செலவுக் கணக்கையும் அவர் இன்றுவரை சொன்னதில்லை.

மறுநாள் ஏடிஎம்மில் எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். "சனிக்கெழம முடிஞ்சிருச்சுல்ல, தெருமுனை வண்டியில எக் நூடுல்ஸ் வாங்கிட்டு வா. அத்தைக்குத் தெரிய வேணாம்." 80 ரூபாய். அதை மட்டும் என்னைக் கொடுக்க விட்டார்.